ஒன்பதாம் இடம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீடு மாத்தினேன், குளிர் தாங்கலைன்னு எனக்கு நானே பல சாக்கு சொல்லிக்கிட்டேன். உண்மையான காரணம், இதை எழுதினா நான் அவ்வளவு நல்லவனா தெரிய மாட்டேன். பரவாயில்லை, எழுதிடறேன்.

மேட்டர் சைக்கிள் ரேஸ். சிரிக்காதீங்க. பொட்டி தட்டுற வேலைக்காக 2022ல லண்டன் வந்தவன், ஒழுங்கா சம்பாதிச்சோமா, சனி ஞாயிறு துணி துவைச்சோமா, ஊருக்கு போன் பண்ணினோமான்னு இருக்கணும். அதை விட்டுட்டு கோடை காலம் பூரா வாரா வாரம் காசு கட்டி, முதுகுல நம்பர் குத்திக்கிட்டு, அம்பது பேரோட முட்டி மோதி, முப்பத்தெட்டாவதா வந்து, அதை ஆபீஸ்ல பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். விதி யாரை விட்டுது!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நேரா எங்க மூஞ்சியிலதான் வந்து அடிக்கும். ஊரைச் சுத்தி இத்தனை காத்தாலைங்க நிக்கறதே அதனாலதான். பதினொண்ணாம் வகுப்புல கவர்மெண்ட் குடுத்த விலையில்லா சைக்கிள்ல ஏழு கிலோமீட்டர் போகணும். பள்ளிக்கூடம் எங்க ஊருக்கு மேக்கால. ஆனி, ஆடி மாசத்துல மிதிச்சா வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். அதுக்கு நாங்க நாலு பசங்க ஒரு ஏற்பாடு வெச்சிருந்தோம். ஒருத்தன் முன்னாடி போவான், மத்த மூணு பேரும் அவன் முதுகுக்குப் பின்னாடி வரிசையா ஒளிஞ்சுக்குவோம். கிலோமீட்டர் கல் வந்தா முன்னாடி இருக்கறவன் பின்னாடி போயிடணும், அடுத்தவன் காத்தை வாங்கணும். ஏமாத்தினவனுக்கு அன்னிக்கு கடலை மிட்டாய் கிடையாது. இதுக்கு டிராஃப்டிங்னு ஒரு பேர் இருக்கு, இதை வெச்சு ஒரு பெரிய விளையாட்டே நடக்குதுன்னு பத்து வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு ரெண்டு வரி சயின்ஸ். சமதளத்துல மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப நம்ம சக்தியில பெரும்பகுதி காத்தைத் தள்ளறதுலயே போயிடும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு. அதைத் தாண்டறதுக்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. ஆனா முன்னாடி ஒருத்தன் போறான், நாம அவன் சக்கரத்தை ஒட்டிப் போறோம்னா, சுமார் 30 சதவீதம் மிச்சம். அதனால ரோடு ரேஸ்ங்கறது பலம் காட்டற விளையாட்டு மட்டும் இல்லை. ஒளிஞ்சுக்கற விளையாட்டு. யார் கடைசி வரைக்கும் நல்லா ஒளிஞ்சு, சரியான நேரத்துல வெளிய வர்றாங்களோ அவங்க ஜெயிப்பாங்க.

இதுல சிக்கல் என்னன்னா, ஒளியணும்னா ஒட்டணும். முன்னாடி போறவரோட பின்சக்கரத்துக்கும் என்னோட முன்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம். அவர் பிரேக் பிடிச்சா நான் காலி. நான் பிடிச்சா எனக்குப் பின்னாடி இருக்கறவர் காலி.

*

இங்கிலாந்துல இதை நடத்தறது பிரிட்டிஷ் சைக்கிளிங்னு ஒரு அமைப்பு. லைசென்ஸ் வாங்கினா எல்லாரும் நாலாம் கேட்டகிரியிலதான் ஆரம்பிக்கணும். நீங்க ஊர்ல மாநில சாம்பியனா இருந்தாலும் சரி, என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தொப்பை வளத்தவனா இருந்தாலும் சரி. ரேஸ்ல முதல் பத்து இடத்துக்குள்ள வந்தா புள்ளி. புள்ளி சேர்ந்தா மூணாம் கேட்டகிரி, அப்புறம் ரெண்டு, ஒண்ணு, அதுக்கும் மேல எலைட். நம்ம ஊர் மின்சார வாரியத்துல புரமோஷன் மாதிரி படிப்படியா.

ஆரம்ப நிலை ரேஸ் பெரும்பாலும் காரே வராத சர்க்யூட்டுலதான். லண்டனைச் சுத்தி அந்த மாதிரி இடம் சிலது இருக்கு. மேற்குல ஹில்லிங்டன். ஹீத்ரோ பக்கம்ங்கறதால தலைக்கு மேல விமானம் போய்க்கிட்டே இருக்கும். கிழக்குல லீ வேலி. 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த வெலோட்ரோமை ஒட்டி ஒரு மைல் நீளத்துக்கு பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கற ரோடு. தெற்குல ஹெர்ன் ஹில்னு ஒரு பழைய வெலோட்ரோம் இருக்கு. 1891ல கட்டினது, 1948 ஒலிம்பிக்ஸ் டிராக் சைக்கிள் போட்டி அங்கதான் நடந்தது. என் நிலைமைக்கு முதல் ரெண்டும் போதும். ஒரு மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஓட்டணும், அதுக்கு மேல அஞ்சு சுத்துன்னு கணக்கு.

என் முதல் ரேஸ் பத்தி சொல்லணும்னா, அது ரேஸே இல்லை. விசில் அடிச்சாங்க, எல்லாரும் போனாங்க, நானும் போனேன். மூணாவது சுத்துல வளைவு முடிஞ்சதும் முன்னாடி இருக்கறவங்க வேகத்தைக் கூட்டினாங்க. கும்பல் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டு, கடைசியில இருந்த நான் அறுந்து விழுந்தேன். அவ்ளோதான். பத்து மீட்டர் இடைவெளி விட்டா முழுக் காத்தும் நமக்கு. அதுக்கப்புறம் உசுரைக் குடுத்து மிதிச்சாலும் பிடிக்க முடியாது. ஒரு வயசான அம்மா நாயோட வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்கு மட்டும் தனியா கை தட்டினாங்க. அவ்வ்வ்வ்...

இந்தக் கும்பலா ஓட்டற ரேஸுக்கே இந்த ஊர்ல ஒரு கதை இருக்கு. 1890கள்ல குதிரை வண்டி, போலீஸ் தொல்லை எல்லாம் சேர்ந்து, பொது ரோட்டுல கும்பலா ரேஸ் விடறதை இங்கத்திய சைக்கிள் சங்கமே வேணாம்னு நிறுத்திடுச்சு. அதுக்கு பதிலா வந்ததுதான் டைம் டிரயல். 1895லேருந்து நடக்குது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, ஒரு நிமிஷ இடைவெளியில, கடிகாரத்துக்கு எதிரா தனியா ஓட்டணும். யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு விடியற்காலையில, கறுப்பு டிரெஸ்ல ஓட்டுவாங்களாம். ஓட்டற பாதைக்கு ஊர்ப் பேர் இல்லாம எழுத்தும் எண்ணுமா ரகசியக் குறியீடு. கிட்டத்தட்ட கள்ளச் சாராயம் கடத்தற மாதிரி :-) அந்தக் குறியீடு இன்னிக்கும் இருக்கு. 1942 ஜூன் 7ஆம் தேதி பெர்ஸி ஸ்டாலர்ட்னு ஒருத்தர் துணிஞ்சு, வேல்ஸ்ல இருக்கற லாங்கோலன்லேருந்து உல்வர்ஹாம்ப்டன் வரைக்கும் 59 மைல் கும்பல் ரேஸ் நடத்தினார். போலீஸே ஒத்துழைச்சது. ஆனா சைக்கிள் சங்கம் அவரைத் தடை பண்ணிடுச்சு. அவர் ஆளுங்க தனிச் சங்கம் ஆரம்பிச்சு, ரெண்டும் சண்டை போட்டு, 1959லதான் ஒண்ணா சேர்ந்தாங்க.

இதைப் படிச்சப்ப ஸ்டாலர்ட் கட்சிதான் நான். தனியா ஓட்டறதுல என்னங்க இருக்குன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா தனியா ஓட்டறதுல ஒரு நல்லது இருக்கு. தப்பு பண்ணினா நாம மட்டும்தான் விழுவோம்.

*

கும்பல்ல எப்படி ஓட்டணும்னு எனக்குக் கத்துக் குடுத்தவர் எங்க கிளப்புல ஒருத்தர். பேர் வேண்டாம். வீட்டுச் சுவருக்கு பூச்சு வேலை செய்யறவர், அதனால கொத்தனார்னு வெச்சுக்குவோம். வயசு அப்ப 51. அவரும் நாலாம் கேட்டகிரிதான். முப்பது வருஷமா ஓட்டறார், மேல ஏறணும்னு ஆசையே கிடையாது. ஞாயித்துக்கிழமை காலையில என்னைப் பக்கத்துல வெச்சு ஓட்டிக்கிட்டே பாடம் எடுப்பார். முன்சக்கரத்தைப் பாக்காதே, முன்னாடி போறவனோட இடுப்பைப் பாரு. வளைவுல எந்தக் கோட்டுல உள்ள போறியோ அதே கோட்டுல வெளிய வா. அவர் அடிக்கடி சொன்னது ஒண்ணு எனக்கு அப்படியே மனசுல இருக்கு:

"உன் முன்சக்கரத்துக்கு நீதான் பொறுப்பு. உன் பின்சக்கரம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது. ஆனா அது இருக்கற இடத்துலயே இருக்கும்னு நம்பித்தான் ஒருத்தன் பின்னாடி வர்றான்."

2023 சீசன் முழுக்க டிராப் ஆகாம முடிக்கக் கத்துக்கிட்டேன். 2024ல ஆசை வந்துடுச்சு. நம்மளை வளத்த விதம் அப்படி. பத்தாவதுல மார்க்கு, பன்னெண்டாவதுல கட்-ஆஃப், கம்பெனியில அப்ரைசல் ரேட்டிங். நம்பர் இல்லாத இடத்துல நமக்கு நிக்கவே தெரியாது. சைக்கிள் மிதிக்கறதையாவது சந்தோஷத்துக்கு மிதிச்சோமான்னா, இல்லை. ரேஸ் முடிஞ்சதும் முடிவுப் பட்டியலைத் தேடறது, பத்துக்குக் கீழ என் பேர் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு எண்ணறதுன்னு ஆயிடுச்சு. 23, 17, 14, 12. பன்னெண்டாவது வந்த அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ரெண்டே ரெண்டு இடம்!

எல்லாரும் பண்றாங்கன்னு காலையும் ஷேவ் பண்ணிக்கிட்டேன். விழுந்தா காயத்தைச் சுத்தம் பண்ண லேசா இருக்கும்னு ஒரு காரணம் சொல்லுவாங்க. வீடியோ கால்ல கேமரா தவறுதலா கீழ போக, அம்மா பாத்துட்டாங்க.

"ஏங்கண்ணு, கால்ல முடியெல்லாம் எங்க போச்சு? அந்த ஊரு தண்ணி சேரலியா?"

"ஆமாம்மா, தண்ணிதான்"னு சொல்லி எஸ்கேப் ஆனேன்.

*

ஜூன் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எந்த சர்க்யூட்டுன்னு சொல்லப் போறதில்லை. ரோட்டு மேலயோ நடத்தினவங்க மேலயோ எந்தத் தப்பும் இல்லை. ஏழரை மணிக்கும் வெயில் அடிக்கற இங்கிலாந்துக் கோடை, காத்து கம்மி. நாப்பத்தி சொச்சம் பேர். கொத்தனாரும் இருந்தார். ஆரம்பக் கோட்டுல என் முதுகு நம்பர் ஒரு பக்கம் ஆடுதுன்னு அவரோட ஊக்கு ஒண்ணை எடுத்துக் குத்தி விட்டார்.

கடைசி சுத்து மணி அடிச்சப்ப நான் பதினஞ்சாவது இடத்துல இருந்தேன். கால் நல்லா இருந்துச்சு. எதிர்ப்பக்க நேர் ரோட்டுல நாலு பேரைத் தாண்டினேன். கடைசி வளைவுக்குள்ள போறப்ப பதினொண்ணு. உள்பக்கமா போனேன். வளைவு முடியற இடத்துல, வெளிப்பக்கம் ஒருத்தர் சீட்டை விட்டு எழுந்து வேகம் எடுத்தார். அவர் சக்கரத்தைப் பிடிச்சா நேரா பத்துக்குள்ள. நடுவுல அரை அடி, மிஞ்சிப் போனா ஒரு அடி. பிடிச்சேன்.

பிடிக்கறப்ப என் பின்சக்கரத்துல 'டக்'னு ஒண்ணு. கல்லு தெறிச்ச மாதிரி சின்ன சத்தம். அடுத்த நொடி பின்னாடி அந்தச் சத்தம். சைக்கிள் ரேஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். கார்பன் உடையற சத்தமும் மனுஷன் ரோட்டுல தேயற சத்தமும் சேர்ந்து வரும். நான் திரும்பிப் பாக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மிதிச்சேன்.

ஒன்பதாவது இடம்.

கோட்டைத் தாண்டி மெதுவா சுத்தி வந்தப்ப வளைவுல கூட்டம். மூணு பேர் விழுந்திருந்தாங்க. ரெண்டு பேர் எழுந்து முழங்கையில ரத்தத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. மூணாவது ஆள் புல்லுல உக்காந்து இடது கையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சிருந்தார். கொத்தனார். நம்ம ஊர்ல காறை எலும்புன்னு சொல்லுவாங்களே, அது உடைஞ்சிருந்தது. சைக்கிள்ல இருந்து விழறவங்க கையை ஊனினா முதல்ல போறது அதுதான்.

நடுவர் வந்து யாராவது பாத்தீங்களான்னு கேட்டார். யாரும் வாயைத் திறக்கலை. நானும்தான். கொத்தனாரே சொன்னார், "என் தப்புதான். முன்னாடி சக்கரத்தோட ஓவர்லேப் ஆயிட்டேன். கவனிக்கலை." அப்புறம் என்னைப் பாத்து, வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டே, "பாயிண்ட் வந்துச்சா?"ன்னு கேட்டார்.

"ஒன்பதாவது"ன்னு சொன்னேன்.

"சபாஷ்"னார்.

*

அன்னிக்கு ராத்திரி கிளப் வாட்ஸப் குழுவுல எனக்கு வாழ்த்து மேல வாழ்த்து. நடுவுல ஆஸ்பத்திரியில இருந்து கொத்தனார் ஒரு செய்தி போட்டிருந்தார். என்னால விழுந்த மத்த ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்னு. அதைப் படிச்சுட்டு போனைக் கவுத்து வெச்சேன்.

ஒரு சாப்ட்வேர்க்காரன் என்ன பண்ணுவான்? லாக் பாப்பான். சைக்கிள் கம்ப்யூட்டர்ல இருந்து ரேஸ் டேட்டாவை எடுத்து நொடி நொடியா பாத்தேன். வேகம் இருக்கு, இதயத்துடிப்பு இருக்கு, எத்தனை வாட் சக்தி போட்டேன்னு இருக்கு. வளைவு முடியற இடத்துல வேகம் மணிக்கு 46லேருந்து 51. ஆனா நான் அரை அடி நகர்ந்தேனா இல்லையான்னு அதுல இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கு ரெண்டு மூணு மீட்டர் பிசகு சாதாரணம், அரை அடி அதுக்கு எப்படித் தெரியும்? லாக்ல விழாத பக். ப்ரொடக்ஷன்ல இப்படி ஒண்ணு நடந்து, ஆதாரம் இல்லை, பாதிக்கப்பட்டவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டார்னா, டிக்கெட்டை மூடிட்டுப் போயிடுவோம். நானும் மூடத்தான் பாத்தேன். பின்னாடி வர்றவன்தான் தன் முன்சக்கரத்தைப் பாத்துக்கணும், அவர் சொன்ன விதிதானேன்னு வாதாடிப் பாத்தேன். ஆனா அந்த 'டக்' என் இடுப்பு வரைக்கும் வந்துச்சு. நான் கோடு மாறினது எனக்குத் தெரியும். கைகாட்டலை, தோளைத் திருப்பிப் பாக்கலை. வெளிக்கோட்டுல ஆள் இருப்பாங்கன்னு தெரிஞ்சும் போனேன்.

வெக்கமா இருக்கு, இதையும் சொல்லிடறேன். ஒத்துக்கிட்டா என் மேல கேஸ் போடுவாங்களா, என் மெம்பர்ஷிப் இன்சூரன்ஸ்ல இது வருமா, விசாவுக்கு ஏதாவது ஆகுமான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடிக்கிட்டிருந்தேன். அவர் கை எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடி.

மூணு வாரம் போச்சு. அவருக்கு "சீக்கிரம் குணமாகணும்"னு ஒரு செய்தி அனுப்பினதோட சரி.

நான் அப்ப வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகள்ல வந்தவர், எல்லாரும் அண்ணைன்னு கூப்பிடுவோம். நான் சைக்கிளைத் தொடாம மூலையில வெச்சிருந்ததைப் பாத்து என்ன ஏதுன்னு கேட்டார். ஒரு நாள் ராத்திரி சமையல்கட்டுல வெச்சு சொல்லிட்டேன். நியாயம் அநியாயம்னு பெரிசா ஏதாவது சொல்லுவார்னு பாத்தேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"அந்தாள் என்ன வேலை தம்பி செய்யிறவர்?"

"வீட்டுக்குப் பூச்சு வேலை அண்ணை. சொந்தமா."

"அப்ப கை ஏலாட்டி காசு வராதே. உமக்கெண்டா சிக் லீவ் இருக்கு."

அவ்வளவுதான். தேத்தண்ணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எனக்கு அது வரைக்கும் அது தோணவே இல்லைங்க. சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு இங்க கம்பெனி குடுக்கற சிக் பே கிடையாது. அந்த எலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரம். நான் ஒன்பதாவது வந்ததுக்கு அவர் ரெண்டு மாச வருமானத்தை விட்டிருக்கார்.

*

சனிக்கிழமை ரயில் ஏறிப் போனேன். கையில ஒரு டப்பா லட்டு. என்னத்தைக் கொண்டு போறதுன்னு தெரியலை.

கதவைத் திறந்தவர் இடது கை கட்டுத்தூளியில இருந்துச்சு. உள்ள கூப்பிட்டு ஒத்தைக் கையால டீ போட்டார். ஊருக்கெல்லாம் சுவர் பூசறவர் வீட்டு ஹால் சுவர் பாதி பூசாம கிடந்தது. அதைப் பாத்து சிரிச்சேன், அவரும் சிரிச்சார். நடைவழியில அவர் சைக்கிள் துடைச்சு வெச்சு நின்னுச்சு. ஹேண்டில்பாருக்கு புது டேப்.

"ரெடி பண்ணிட்டீங்களா? எப்ப திரும்ப ஓட்டப் போறீங்க?"ன்னு கேட்டேன்.

"விக்கப் போறேன். போட்டோ எடுத்துப் போட்டாச்சு"ன்னார்.

அப்புறம் மெதுவா சொன்னார். அன்னிக்கு அந்தச் சக்கரம் எங்கிருந்து வந்துச்சுன்னே அவருக்குத் தெரியலையாம். முப்பது வருஷத்துல இப்படி ஆனதே இல்லையாம். கண்ணு போயிடுச்சோன்னு டெஸ்ட் பண்ணிட்டு வந்தாராம். கண்ணு நல்லாத்தான் இருக்கு, அப்ப மூளைதான் மெதுவாயிடுச்சு போல, நான் இனிமே கும்பல்ல ஓட்டினா மத்தவங்களுக்கு ஆபத்து, மரியாதையா விலகிக்கறதுதான் நல்லதுன்னு சொன்னார். அழுதுக்கிட்டு இல்லை. வானிலை சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னார்.

நான் ரயில்ல வர்றப்ப ஒரு வாக்கியம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். 'ஒருவேளை நான் கொஞ்சம் நகர்ந்திருப்பேனோன்னு தோணுது.' மேனேஜருக்கு மெயில் எழுதற மாதிரி, பிடி குடுக்காத வாக்கியம். அதைச் சொல்ல முடியலை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. நான்தான் கோடு மாறினேன். வெளிப்பக்கம் ஒருத்தர் போனார், அவர் சக்கரம் வேணும்னு பாக்காம குறுக்க வந்தேன். உங்க சக்கரம் என் பின்சக்கரத்துல பட்டது எனக்கு அப்பவே தெரியும்"னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. கெட்டில் ஆறற சத்தம் கேட்டுது. அப்புறம், "அப்பவேவா?"ன்னார்.

"அப்பவே."

"மூணு வாரம்"னார். "மூணு வாரமா நான் கிழவன் ஆயிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"ஒன்பதாவது இடம்"னு சொன்னேன். வேற பதில் என்கிட்ட இல்லை.

அவர் முகம் சிவந்துடுச்சு. கத்துவார்னு நினைச்சேன், கத்தலை. "நீ இப்ப கிளம்பு. டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு"ன்னார். டீ கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. அவர் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, நான் நாக்கு வெந்துபோக அந்த டீயைக் குடிச்சு முடிச்சேன். என் வாழ்க்கையிலயே நீளமான டீ அதுதான். பணம் குடுக்கறேன்னு வாசல்ல நின்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டார்.

வந்து ரேஸ் நடுவருக்கு மெயில் போட்டேன், நடந்தது இது, என் இடத்தை எடுத்துடுங்கன்னு. முடிவெல்லாம் போன மாசமே உறுதி பண்ணியாச்சு, சொன்னதுக்கு நன்றி, அடுத்த தடவை கோட்டுலயே போங்கன்னு பதில் வந்துச்சு. புள்ளி எனக்கேதான் இருக்கட்டுமாம். கிளப் குழுவுலயும் எழுதினேன். சில பேர் பெரிய மனசுன்னாங்க. விழுந்த மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்லை. அதுவும் நியாயம்தான்.

பத்து நாள் கழிச்சு கொத்தனார்கிட்டேருந்து ஒரே வரி. "சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?"

ஒரு வீட்டு வேலையைப் பாதியில விட்டிருந்தார். வலது கையால கரணையைப் பிடிச்சுப் பூச முடியும், ஆனா இடது கையில சாந்து வெச்சுக்கற பலகையைப் பிடிக்கவோ வாளி தூக்கவோ முடியாது. அதனால நான் சித்தாள். நாலு சனிக்கிழமை. கலவை கலக்கறது, வாளி தூக்கறது, பலகையைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கறது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச சித்தாள் :-) கலவையில தண்ணி ஜாஸ்தின்னு முதல் நாள் வாங்கின திட்டை எந்த கிளையண்ட்கிட்டயும் வாங்கினதில்லை. நாலாவது வாரம் சாப்பிடறப்ப, சைக்கிள் விளம்பரத்தை எடுத்துட்டதா சொன்னார். மன்னிச்சேன்னு எல்லாம் சொல்லலை. நானும் கேக்கலை.

2025 ஏப்ரல்ல மறுபடி ஓட்ட வந்தார். அந்த சீசன்ல முதல் ரேஸ், லேசான தூறல். பாதி ரேஸ்ல எப்படியோ அவர் பின்சக்கரம் எனக்குக் கிடைச்சுது. வளைவு வந்துச்சு. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. அவர் சக்கரம் உள்ள போன கோட்டுலயே வெளிய வந்துச்சு, நூல் பிடிச்ச மாதிரி. மிச்ச ரேஸ் பூரா அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடியே ஒளிஞ்சு ஓட்டினேன். கடைசி சுத்துல வெளிப்பக்கம் ரெண்டு பேர் போனாங்க. தோளைத் திருப்பிப் பாத்தேன், ஆள் இருந்தாங்க, அவங்களைப் போக விட்டேன்.

அவர் இருபத்தி ஒண்ணு. நான் இருபத்தி ரெண்டு.

ஒன்பதாவது வந்தப்ப கிடைச்ச புள்ளிதான் இன்னிக்கு வரைக்கும் நான் வாங்கின ஒரே புள்ளி. நாலாம் கேட்டகிரியிலயேதான் இருக்கேன். ஆபீஸ்ல யாராவது உன் பெஸ்ட் என்னன்னு கேட்டா, இருபத்தி ரெண்டுன்னு சொல்லறேன்.

டிஸ்கி: அம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. குளிர்காலத்துல கால்ல முடி திரும்ப முளைச்சதைப் பாத்துட்டு, "இப்பத்தான் கண்ணு அந்த ஊரு தண்ணி உனக்கு சேந்திருக்குது"ன்னு சந்தோஷப்பட்டாங்க.